கேத்திக்கு ஒரு டிக்கெட்

முதல் நாள், வியாழன் இரவு, மேட்டுப்பாளையம்

என் தாத்தா மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் நீலகிரி மலை ரயில் பாதையில் கீமேனாக இருந்தவர். காலை வண்டி கிளம்புவதற்கு முன்னால் தோளில் ஸ்பேனரும் சுத்தியலும், கையில் சுருட்டிய கொடியுமாக, தனக்கு ஒதுக்கிய தண்டவாளத்தை நடந்தே பார்த்துவிட்டு வருவது அவர் வேலை. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவி கழன்றிருந்தால் தட்டி இறுக்குவார். விழுந்த கல்லை ஓரமாகத் தள்ளுவார். யானை நின்றால் அது போகும்வரை காத்திருப்பார். பெரியப்பா அதே பாதையில் பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே உள்ள கேத்தியில் இருக்கிறார்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தும் நான் ஒரு தடவைகூட நடு ஸ்டேஷனில் இறங்கியதில்லை. மலை ரயிலில் ஏறினால் ஊட்டியில்தான் இறங்குவோம். பெரியப்பா வீட்டுக்குப் போவதெல்லாம் பஸ்ஸில். போன மாதம் அவரிடம் போனில் பேசும்போது, "எங்க ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்து வந்து எறங்கற சனம் கொறஞ்சு போச்சு கண்ணு" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தத் தடவை ரயிலில்தான் கேத்தி. தினமும் இரவு அன்றைக்குப் பார்த்ததை எழுதிப் போடுகிறேன்.

இன்று பயணம் எதுவும் இல்லை. அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நடந்து வந்தேன். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873இல். அதற்கு மேல் 26 வருடம், இங்கே இறங்கியவர்கள் மாட்டு வண்டியிலும் டோங்கா குதிரை வண்டியிலும் மலை ஏறினார்கள். மலைக்கு ரயில் விட வேண்டும் என்ற யோசனை 1854இலேயே வந்துவிட்டது. 1882இல் ஸ்விட்சர்லாந்திலிருந்து ரிக்கன்பாக் என்ற பொறியாளரை அரசாங்கம் வரவழைத்துத் திட்டம் கேட்டது. 1885இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1891இல் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கி வைத்தார். மூன்று வருடத்தில் பணம் தீர்ந்து கம்பெனி மூடப்பட்டது. 1896இல் புதுக் கம்பெனி வந்து, 1899 ஜூன் 15ஆம் தேதி குன்னூர் வரைக்கும் வண்டி ஓடியது. யோசனையிலிருந்து விசில் சத்தம் வரைக்கும் 45 வருடம்.

ஏன் அவ்வளவு காலம் என்று நாளைக்குப் பாதையைப் பார்த்தாலே புரியும். காலை 7.10க்கு வண்டி.

இரண்டாம் நாள், வெள்ளி, கேத்தி

சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் வந்து நின்றதும் பிளாட்பாரம் நிரம்பிவிட்டது. குன்னூர் வரைக்கும் எனக்கு முன்பதிவு இருந்தது, அதுவும் முதல் பெட்டியில். பின்னாலிருந்து நீராவி இன்ஜின் தள்ளிக்கொண்டு வர, முதல் பெட்டியில் இருப்பவர்களுக்கு மலை நேராகத் தெரியும்.

இன்ஜின் பின்னால் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்றத்தில் ஒரு பெட்டி கழன்றாலும் அது கீழே ஓடிவிடாமல் இன்ஜினிலேயே சாய்ந்து நிற்கும். ஆனால் அப்படித் தள்ளும்போது டிரைவருக்கு முன்பாதை தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் திறந்த இடத்தில் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்டுவார். அப்படியே டிரைவருக்குப் போய்ச் சேரும். என் பெரியப்பா முப்பது வருடம் மழையிலும் பனியிலும் நின்ற இடம் அதுதான். இன்றைக்கு அங்கே ஓர் இளைஞர் நின்றார். அவருடைய முதுகைப் பார்த்தபடியே குன்னூர் வரைக்கும் வந்தேன்.

கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்பும் சமதரையும். அங்கே வண்டி நிற்கிறது, ஆனால் பயணிகள் ஏறி இறங்கும் ஸ்டேஷனாக அது இப்போது இல்லை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் தொடங்குகிறது. இரண்டு இரும்புச் சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில், சற்று உயரமாகப் பதித்திருக்கின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்கு இடைவெளி. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லையாவது பிடித்துக்கொண்டிருக்கும்படி அப்படி அமைத்தார்கள். இது ஆப்ட் முறை. இந்தியாவில் இப்படிப் பல்சட்டத்தில் ஏறும் ரயில் இது ஒன்றுதான்.

கல்லாறிலிருந்து குன்னூருக்குச் சுமார் 20 கி.மீ. அதற்குள் 1,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஏற்றம் கடுமையான இடத்தில் 12 அடி போனால் 1 அடி உயரம். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். பல்சட்டம் தொடங்கும் இடத்தில் வண்டி தயங்கி, மெதுவாகப் பல்லில் பல்லை வைத்துப் பிடித்தது. அப்புறம் சத்தமே மாறிவிட்டது. இந்த இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களைச் சுற்றுகின்றன. அவை பயன்படுத்திவிட்ட நீராவியையே மற்ற இரண்டும் வாங்கிக்கொண்டு பல்சக்கரத்தைச் சுற்றுகின்றன. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த இன்ஜின்கள் இவை. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் இதே வகையில் புது இன்ஜின்கள் செய்தார்கள்.

வேகம் மணிக்கு 13 கி.மீ. அந்த வேகத்தில் எதையும் தவறவிட முடியாது. பாறை இடுக்கில் கசியும் தண்ணீர், அதில் கால் நனைத்து நிற்கும் குருவி, பலா மரத்தடியில் யானைச் சாணம், எல்லாம் கண்ணில் பட்டன.

அடர்லி. பெயர்ப் பலகை இருக்கிறது, யாரும் இறங்குவதில்லை. மூடிய ஸ்டேஷன்களில், கல்லாறுக்கு அடுத்து இது இரண்டாவது.

ஹில்குரோவில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். இன்ஜினுக்குத் தண்ணீர், நமக்கு டீ. குரங்குகள் எங்களுக்கு முன்பே பிளாட்பாரத்தில் காத்திருந்தன. ஒரு குழந்தையின் கையிலிருந்த வடை போய்விட்டது, குழந்தை அழவில்லை, அம்மாதான் அழாத குறை. நான் கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். சுமார் 1,090 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் காடு. பக்கத்தில் ஊர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பிறகு எதற்கு இங்கே ஒரு ஸ்டேஷன்? இன்ஜினுக்குத் தாகம் எடுக்கும் இடத்தில் ஸ்டேஷன் வைத்தார்கள். சமவெளியில் ஊரைப் பார்த்து ஸ்டேஷன் கட்டுவார்கள். இந்த மலைப் பாதையின் கீழ்ப்பாதியில் ஓடைத் தண்ணீரையும், வண்டி நிற்கத் தோதான ஒரு துண்டு நிலத்தையும் பார்த்துக் கட்டினார்கள். அங்கே வேலைக்கு வந்த குடும்பங்கள் காட்டுக்குள் வாழ்ந்தன. என் அப்பத்தா அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வண்டியைத்தான் நம்பியிருந்தார். அடுப்புப் பற்ற வைப்பதே விசில் சத்தம் கேட்டுத்தான் என்று சொல்வார்.

சில வருடத்துக்கு முன் இந்தப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி எழுப்பிய ஒரு சுவர் யானைகளின் வழியை மறித்தது. கூட்டம் தண்டவாளத்திலேயே திகைத்து நின்ற காட்சி வெளியே வந்ததும் அந்தச் சுவரை இடித்தார்கள். அதைக் கேட்டபோது தாத்தா நினைவுதான் வந்தது. யானை போகும்வரை காத்திருந்தவர் அவர்.

ரன்னிமேட்டில் சற்று நின்றது. காட்டேரி ரோடு நிற்காமல் கடந்தது. மூடிய ஸ்டேஷன்களில் மூன்றாவது.

குன்னூர் வந்தபோது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. இங்கே பல்சட்டம் முடிகிறது, நீராவி இன்ஜின் கழன்று ஷெட்டுக்குப் போகிறது, மேலே டீசல் இழுத்துப் போகும். நான் இறங்கி டிக்கெட் ஜன்னலுக்குப் போனேன்.

"ஒண்ணு கொடுங்க, கேத்தி."

"ஊட்டிங்களா?"

"இல்லைங்க. கேத்திதான்."

கொடுத்தார். அந்தச் சீட்டைப் பர்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மதிய வண்டி வரும்வரை வெளியே போய் டீயும் வர்க்கியும் சாப்பிட்டேன். சூடான டீயில் வர்க்கியை நனைத்தால் சரியாக மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

குன்னூருக்கு மேல் வண்டியின் குணமே வேறு. வெலிங்டன் ராணுவ ஊர், மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையம் இருக்கும் இடம். அடுத்து அருவங்காடு. அங்கே கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலையை 1903 வாக்கில் தொடங்கினார்கள், ரயில் வந்தது 1908இல். அதாவது ரயில் மேலே ஏறும்போது அதற்கான ஆட்கள் அங்கே ஏற்கனவே காத்திருந்தார்கள். கீழ்ப்பாதியில் ஸ்டேஷன் தண்ணீருக்காக என்றால், மேல்பாதியில் மனிதருக்காக.

கேத்தியில் என்னோடு இறங்கியவர்கள் நான்கு பேர். பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு. எண்பதை நெருங்குகிறார். எழுந்திருக்கவில்லை, வண்டி கிளம்பிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"பஸ்ஸுல வந்திருந்தா இந்நேரம் சோறு உண்டிருக்கலாமில்ல கண்ணு."

"உங்க ஸ்டேஷன்ல எறங்கோணும்னுதானுங்க பெரியப்பா வந்தேன்."

சிரித்தார். பையை என்னிடமிருந்து வாங்கப் பார்த்தார், நான் தரவில்லை.

மூன்றாம் நாள், சனி, கேத்தி

இந்த நாளைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

தை மாதக் குளிர். காலையில் ஜன்னலைத் திறந்தால் புல்லெல்லாம் உப்பைத் தூவியது போல உறைபனி. பெரியம்மா தேயிலைச் செடிகளைப் பார்த்து, "கருகிப் போவுமே" என்று கவலைப்பட்டார். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கு முழுவதும் லேசாகப் புகைந்தது. கீழே அடுக்கடுக்காக கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பூண்டு வயல்கள். இடையிடையே இந்த மலையில் வாழும் படகர்களின் ஹட்டிகள், அதாவது கிராமங்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளோடு.

பெரியப்பாவும் நானும் காலை வண்டிக்கு ஸ்டேஷனுக்குப் போனோம். இது அவருக்குத் தினசரிப் பழக்கம். ஒரு பெஞ்ச், ஒரு டிக்கெட் ஜன்னல், ஸ்டேஷன் மாஸ்டர் அறை, மூன்று மொழிப் பெயர்ப் பலகை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,092 மீட்டர். இந்த எண்ணை வைத்துப் பெரியப்பா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். குன்னூர் 1,712 மீட்டர். அங்கிருந்து இங்கே சுமார் 10 கி.மீ., ஏறுவது 380 மீட்டர். அப்படியானால் கிட்டத்தட்ட 26 மீட்டருக்கு 1 மீட்டர். பல்சட்டம் இல்லாத மேல்பாதையில் அனுமதித்த அதிகபட்ச ஏற்றமே 25க்கு 1தான். அதாவது குன்னூரிலிருந்து கேத்தி வரைக்கும் வண்டி மூச்சுவிடாமல் ஏறுகிறது. கேத்திக்கு மேல் லவ்டேலுக்கு 100 மீட்டர்தான் ஏற்றம். லவ்டேலுக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் வெறும் 11 மீட்டர்.

"கேத்தி வந்துட்டா மலை ஏறியாச்சுன்னு அர்த்தம். இங்க நின்னாத்தான் எங்களுக்கெல்லாம் ஒடம்பு தளரும்" என்றார்.

இந்த ஸ்டேஷனின் வயதும் மேல்பாதையின் வயதுதான். 1899க்குப் பிறகு ஒன்பது வருடம் குன்னூரே கடைசி ஸ்டேஷன். 1903இல் அரசாங்கம் பாதையை விலைக்கு வாங்கியது. 1908 செப்டம்பரில் ஊட்டிக்கு முன்னாலுள்ள பெர்ன்ஹில் வரைக்கும், அக்டோபர் 15இல் ஊட்டி வரைக்கும் நீண்டது. சவுத் இந்தியன் ரயில்வேயின் கையில் பாதை இருந்த காலம் அது. கேத்திக்கு வெளியுலகம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு இங்கே நிலையம் வைத்தது 1846இல். ஆனால் இங்கே விளைந்தது வெளியே போக ஒரு சுலபமான வழி கிடைத்தது 1908க்குப் பிறகுதான்.

பெஞ்சில் உட்கார்ந்து பெரியப்பா சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த ஸ்டேஷனில் காலை வண்டிக்கு இடம் பிடிக்க வேண்டும். அருவங்காடு தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், குன்னூர் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள், மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள். அவர்களிடம் மாதச் சீட்டு. மற்றவர்களுக்கு விரல் நீளத்தில் தடித்த அட்டை டிக்கெட், தேதி அச்சு 'டக்' என்று விழும். பார்சல் பெட்டியில் கூடைகள் ஏறும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு போகும். கீழேயிருந்து வரும் வண்டியில் அரிசி மூட்டை, வெற்றிலைக் கட்டு, துணிக்கடைப் பொட்டலம். போன் இல்லாத காலத்தில் சேதி போனதும் வண்டியில்தான். குன்னூர் ஆஸ்பத்திரியில் யாருக்காவது முடியவில்லை என்றால், சொந்தக்காரர்கள் வண்டியின் கார்டிடம் சொல்லிவிடுவார்கள். கார்டு கேத்தியில் இறங்கி, ஸ்டேஷனில் நிற்கிறவரிடம் சொல்வார். அவர் அந்த ஹட்டிக்கு நடப்பார்.

"நல்ல சேதியை யாரும் கார்டுகிட்ட சொல்லி விட மாட்டாங்க. அது அவங்களே வந்து சொல்லிக்குவாங்க. நாங்க கொண்டுவந்ததெல்லாம் மத்ததுதான்."

வயலில் வேலை செய்தவர்களுக்கு வண்டிதான் கடிகாரம். மதிய வண்டி போனால் சோற்றுக் கூடையைப் பிரிப்பார்கள். வண்டி தாமதமானால் பசியும் தாமதம்.

எனக்கு அதுவரை பெரியதாகத் தோன்றியது இன்ஜின்தான். எல்லோரையும் போல நானும் இன்ஜினை நோக்கி போனை நீட்டியவள். இன்று காலை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, இன்ஜின் வெறும் வந்துபோகிற ஒன்றாகவும், ஸ்டேஷன்தான் ஊரோடு இருந்ததாகவும் பட்டது. ஒற்றைத் தண்டவாளம் இது. அடுத்த ஸ்டேஷனிலிருந்து அனுமதி வராமல் இந்த ஸ்டேஷனை விட்டு வண்டி நகராது. கேத்தி இருப்பதால்தான் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வண்டி போக முடிகிறது என்று பெரியப்பா சொன்னதில் மிகை எதுவும் இல்லை.

காலை வண்டி வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் வெளியூர் முகங்கள், கையசைப்புகள். கேத்தியில் ஏற இரண்டு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் படகப் பாட்டி. வெள்ளை முண்டும், மேலே வெள்ளைப் போர்வையும், தலையில் வெள்ளைத் துண்டும் கட்டியிருந்தார். பெரியப்பாவுக்குத் தெரிந்தவர். ஊட்டியில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். "பஸ்ஸில் போகலையா அம்மா?" என்று கேட்டேன். வளைவில் வளைவில் தலை சுற்றுகிறதாம், ரயிலில் அப்படி இல்லையாம். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து எண்ணிக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார். ஏறியதும் உள்ளே ஓர் இளைஞர் எழுந்து இடம் கொடுத்தார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

பஸ்ஸைக் குறை சொல்லவில்லை. சாலை வழியே குன்னூருக்கும் ஊட்டிக்கும் தூரம் கிட்டத்தட்ட ரயில் தூரம்தான். பஸ் அடிக்கடி வருகிறது, சீக்கிரம் போகிறது, ஹட்டி வாசலிலேயே இறக்கிவிடுகிறது. வேலைக்குப் போகிறவருக்கு அது போதும், தேவையும் அதுதான். ஆனால் தலை சுற்றுகிற பாட்டிக்கும், மூட்டு வலிக்காரருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் ரயில்தான் தோது. அவர்களுக்காக ஒரு பெஞ்சும் ஒரு டிக்கெட் ஜன்னலும் இந்த மேட்டில் இருக்க வேண்டும். இதை நான் உறுதியாகவே சொல்வேன். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ 2005இல் இந்தப் பாதையைச் சேர்த்துக்கொண்டது. அதற்குள் அந்தப் பாட்டியின் சுருக்குப் பையும் சேர்த்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் பெரியம்மா அவரைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகு, 2009 நவம்பர் பற்றிப் பேச்சு வந்தது. அந்த மழையில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தப் பக்கத்துச் சரிவுகள் இரவோடு இரவாக இறங்கின. தண்டவாளம் சில இடங்களில் கீழே மண் இல்லாமல் தொங்கியது. மாதக்கணக்கில் வண்டி இல்லை. 1993இல் மரப்பாலம் நிலச்சரிவைப் பார்த்தவர் பெரியப்பா, ஆனாலும் 2009ஐப் பற்றிப் பேசும்போதுதான் குரல் தாழ்கிறது.

"அப்பத்தான் தெரிஞ்சுது கண்ணு, சத்தம் இல்லாட்டி இந்த ஊரு எப்படி இருக்கும்னு. உங்க பெரியம்மா மத்தியானம் சோறு போடவே மறந்துடுவா."

பெரியம்மா சமையலறையிலிருந்து, "மறக்கல. நேரம் தெரியல" என்றார்.

சாயங்காலம் கேத்தி பாலாடா பக்கம் நடந்தேன். கேரட் கழுவும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சேற்றோடு உள்ளே போவது, மறுபக்கம் பளபளவென்று சிவந்து வருகிறது. மூட்டை கட்டி லாரியில் ஏற்றினார்கள். இரவில் கிளம்பினால் விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டி. ரயிலில் போன கூடைகளின் இடத்தில் இப்போது இந்த லாரிகள்.

நான்காம் நாள், ஞாயிறு, லவ்டேல்

இன்று சுருக்கமாக. உடம்பு அசதி.

கேத்தியிலிருந்து லவ்டேலுக்கு ஒரே ஸ்டேஷன். ஆனால் அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தில் பள்ளத்தாக்கு மொத்தமும் ஜன்னலில் விரிகிறது. நேற்று நடந்த வயல்களை மேலிருந்து பார்த்தேன், பெரியப்பா வீட்டுத் தகரக் கூரையையும் கண்டுபிடித்துவிட்டேன். லவ்டேல் ஸ்டேஷன் உயர்ந்த மரங்களுக்கு நடுவே. 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி பக்கத்தில்தான். ஸ்டேஷனில் என்னையும் ஒரு நாயையும் தவிர யாரும் காத்திருக்கவில்லை. தைல மர வாசனையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சாலை வழியே பெர்ன்ஹில் பக்கம் நடந்தேன். 1908இல் ஒரு மாத காலம் இந்த மலை ரயிலின் கடைசி ஸ்டேஷனாக இருந்தது அது. எத்தனை பேர் அங்கே இறங்கி, மூட்டை முடிச்சோடு ஊட்டிக்கு வண்டி பிடித்திருப்பார்கள். இப்போது வண்டி அங்கே நிற்பதில்லை. மூடியவற்றில் நான்காவது. கல்லாறு, அடர்லி, காட்டேரி ரோடு, பெர்ன்ஹில் என்று இரவில் பெரியப்பாவிடம் விரல் விட்டுச் சொன்னேன். ஐந்தாவது விரலைப் பிடித்து மடக்கிவிட்டார். "அதை விரிக்காதே" என்றார்.

ஐந்தாம் நாள், திங்கள் இரவு, மேட்டுப்பாளையம்

மதியம் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து கிளம்பும் வண்டியில் கேத்தியில் ஏறினேன். பெரியப்பாவும் குன்னூர் வரைக்கும் வந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் ரயிலில் ஏறுவது மிகக் குறைவு. கேட்டதற்கு, "உள்ள உக்காந்து வர்றது எனக்குப் பழக்கமில்ல" என்றார்.

வழியெல்லாம் அவர் பார்வை பெட்டி முகப்பில் நின்ற பிரேக்ஸ்மேன் மேலேயே இருந்தது. மெதுவாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏறும்போது இன்ஜினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்ஸ்மேனுக்கு வேலை. குன்னூருக்குக் கீழே ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பிரேக்: ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று பல்சட்டத்துக்கு. இன்ஜின் விசில் கொடுப்பதைக் கேட்டு எல்லாப் பெட்டியிலும் ஒன்றாகப் பூட்ட வேண்டும், ஒன்றாகத் திறக்க வேண்டும். ஒருவர் அதிகம் இறுக்கினால் அந்தப் பெட்டி இழுபடும். ஒருவர் குறைத்தால் மற்றவர் சுமக்க வேண்டும். பக்கத்துப் பெட்டிக்காரர் எவ்வளவு இறுக்கியிருக்கிறார் என்பது காலடியில் தெரியுமாம், பலகை நடுங்குவதை வைத்து. முப்பது வருடம் முடிந்த பிறகும் அவர் கால் அதைத் தேடிக்கொண்டிருந்தது. வளைவுகளில் வலது பாதம் தானாக அழுந்தியதை நான் பார்த்தேன்.

குன்னூரில் இறங்கிக்கொண்டார். நீராவி இன்ஜின் முன்னால் வந்து பூட்டிக்கொள்ளும்வரை நின்று பார்த்தார். இறக்கத்தில் இன்ஜின் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும், அதாவது இப்போது முன்னால். முகப்பில் நின்ற பிரேக்ஸ்மேனிடம் போய் ஏதோ சொன்னார். அந்த இளைஞர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஊட்டியிலிருந்து இறக்கம் சுமார் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, ஏற்றத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகும். ஹில்குரோவில் மறுபடி டீ, மறுபடி குரங்குகள். அடர்லி தாண்டும்போது எழுந்து ஜன்னலோரம் நின்றுகொண்டேன். கல்லாறில் பல்சட்டம் முடிந்ததும் வண்டி பாரம் இறங்கியது போல ஓடியது.

மடியில் பெரியம்மா கொடுத்த கேரட் பை. நேற்று மாலை வயலிலிருந்து பிடுங்கியது, கழுவாதது, கேத்தி மண் அப்படியே ஒட்டியிருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது மண்டிப் பக்கம் லாரிகள் காலியாகித் திரும்பி நின்றன. அம்மா பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைக் கழுவக் கூடாதா அவளுக்கு?" என்றார்.

நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று சமையலறை மூலையில் வைத்துவிட்டேன். பங்குனியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். குன்னூரில் கேத்திக்கு இரண்டு டிக்கெட்.